குரல் இலவசம்
அத்தியாயம் 11

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்குள் அந்தக் குடும்பம் மூன்று பேர், மூன்று கூரை என்று ஆகிவிட்டதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு சில வரிகள்.

அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் கிடையாது. தையல் கடைகள் அனுப்பும் சட்டைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுக்கிறாள். மூத்தவள் ஒன்பது மணி நேர பஸ் பயணத் தொலைவில் இன்னொரு நகரத்தில், ஒரு போன் கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை பார்க்கிறாள். சின்னவன் அம்மா இருக்கும் ஊரிலேயே, ஒரு குடோன் வேலை என்று இருக்கிறான். ஆனால் ஐந்து மாதத்துக்கு முன் தனி அறை எடுத்துக்கொண்டு போனவன், அதன்பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. இனிமேல் இணையம் வழியாகப் பேசும் வீடியோ கால்களுக்குத் தனி பேக் போட வேண்டும். போடாவிட்டால் கால் போகும். ஆனால் இழுத்து இழுத்துப் போகும். அது அமலுக்கு வந்த திங்கட்கிழமையின் கதைதான் இது.

காலை ஏழு மணிக்கு மூத்தவள் தன் ஒற்றை அறையில், தலையணை மேல் போனைச் சாய்த்து வைத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஏழு மாதமாகத் தவறாத பழக்கம். அவர்கள் பேசுவது கையால்தான்.

அம்மா முகம் வந்தது. கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பத்து விநாடி கழித்துப் படம் எகிறியது. இப்போது கை மார்புக்குக் கீழே இருந்தது. நடுவில் என்ன சொன்னாள் என்று யாருக்குத் தெரியும்? மறுபடியும் உறைந்தது. அம்மாவின் இரண்டு விரல் கண்ணுக்குப் பக்கத்தில் நின்றது.

காது கேட்பவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். ‘கேக்குதா, கேக்குதா’ என்று கத்தியாவது சமாளிப்பார்கள். இங்கே படம் நின்றால் ஒன்றுமே இல்லை.

‘கண் ஆஸ்பத்திரியா? பதினொன்றரைக்கா?’ என்று மூத்தவள் கையால் கேட்டாள். அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. கடைசியில் போனை வெட்டிவிட்டு, எழுத்தில் அனுப்பினாள். அம்மா படித்தது மூன்றாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டிச் சின்னச் சின்ன வார்த்தை படிப்பாள், அவ்வளவுதான்.

பதில் வந்தது. “கண் 11.30 வா”.

வா என்றால் வீடியோவில் வா. அப்பா இருந்தவரைக்கும் எந்த டாக்டரிடம் போனாலும் அவர்தான் கூடப் போய், டாக்டர் வாயால் சொல்வதைக் கையால் சொல்லுவார். அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை மூத்தவளுடையது. அம்மா டாக்டர் மேஜையில் போனை நிறுத்தி வைப்பாள். டாக்டர் பேசுவது இவளுக்குக் கேட்கும். இவள் கையை அம்மா பார்ப்பாள்.

இதற்காகவே ஞாயிற்றுக்கிழமையே தன் நம்பருக்கும் அம்மா நம்பருக்கும் அந்தப் புது பேக்கைப் போட்டு, காசும் கட்டியிருந்தாள். பின்னே ஏன் வேலை செய்யவில்லை?

•

ஆபீசில் போன் எடுத்துப் போக அனுமதி இல்லை. லாக்கரில் பூட்டிவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மணி எட்டு. வரிசையில் இருநூறு பேர் காத்திருப்பதாகத் திரை சொன்னது. மணி பத்தாகியும் வரிசை குறையவில்லை.

“வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“உதவறது இருக்கட்டும்மா. ஊர்ல இருக்கற என் பொண்டாட்டி முகம் பாதியில நின்னு போகுது. அதுவும் வாயைத் திறந்த வாக்குல. திட்டறாளா கொட்டாவி விடறாளான்னே தெரியலை.”

பேசியவர் ஒரு பெயின்டர். வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர். கம்பெனி எழுதிக் கொடுத்ததை மூத்தவள் படித்தாள். “ஆன்லைன் கால்களால நெட்வொர்க்ல சுமை கூடுறதால, அதுக்குத் தனி பேக் அறிமுகப்படுத்தியிருக்கோம் சார். ஆனா சாதாரண குரல் அழைப்பு உங்களுக்கு முற்றிலும் இலவசம்.”

“டேட்டாவுக்குக் காசு கட்டிட்டேன்ல? அதுல நான் டான்ஸ் பார்க்கறேனா, என் பொண்டாட்டியைப் பார்க்கறேனான்னு உங்களுக்கு என்னம்மா கவலை? டான்ஸ் நல்லாத்தான் ஓடுது. பொண்டாட்டிதான் ஓட மாட்டேங்கறா.”

“உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கறேன் சார்.”

“இன்னிக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் கருத்தைப் பதிவு பண்ணியிருக்க?”

“நீங்க முப்பத்திரெண்டாவது சார்.”

எழுதிக் கொடுத்ததில் அந்தப் பதில் இல்லை. அந்த மனிதர் ஒரு விநாடி அசந்துபோய், பிறகு சிரித்துவிட்டார். “சரி விடு, நீ என்ன பண்ணுவ” என்று வைத்துவிட்டார்.

அந்த ‘நீ என்ன பண்ணுவ’ அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த காலுக்கு முன் கிடைத்த இடைவெளியில் அம்மாவின் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

பேக்: நிலுவையில். காரணம் கீழே இருந்தது. புது பேக் போட்டால் கம்ப்யூட்டர் அந்த நம்பருக்குப் போன் செய்யும். ‘உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும்’ என்று ஒரு குரல் சொல்லும். அழுத்தினால்தான் பேக் ஏறும். அம்மாவுக்கு மூன்று முறை போன் போயிருந்தது. காதில் வைத்துப் பிரயோஜனமில்லாத கால் வந்தால் அம்மா எப்போதும் செய்வதைத்தான் செய்திருந்தாள். மூன்று முறையும் வெட்டியிருந்தாள்.

கணக்கு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. பத்து வருஷமாக இந்த வீட்டில் எல்லாப் போனையும் எடுத்தவர் அவர்தான்.

பெயருக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான். ‘நல்லெண்ணச் சலுகை’. புகார் கொடுத்து மூன்று நாள் ஆகியும் தீராதவர்களைச் சமாதானப்படுத்த, அந்த பேக்கை ஒரு நாளைக்கு இலவசமாகத் திறந்துவிடலாம். ஊழியர் தன் வீட்டு நம்பருக்கு அதை அழுத்தினால் வேலை போகும். சேர்ந்த முதல் நாளே அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அவள் பக்கத்தை மூடினாள்.

•

பத்தரைக்குப் பத்து நிமிட டீ இடைவேளை. லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டாள். சாதாரண கால். கணீரென்று போயிற்று.

“சொல்லுக்கா.”

“இன்னிக்கு அம்மாவுக்குக் கண் டெஸ்ட் ரிசல்ட். பதினொன்றரைக்கு. வீடியோ வரலைடா. வீடியோ எடுத்து அனுப்பிச்சு, அவங்க பார்த்து, அவங்க எடுத்து அனுப்பிச்சு... அதுக்குள்ள டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு. நீ போய்க் கூட இரேன்.”

மூத்தவள் போனைக் காதில் அழுத்தினாள்.

“இருக்கியா?”

“இருக்கேன். நான் போனா அவங்க கண்ணை மூடிக்குவாங்க. மூடின கண்ணைக் காட்டவா டாக்டர்கிட்ட போறாங்க?”

தனியாகப் போகிறேன் என்று இவன் சொல்லவந்த அன்று அம்மா செய்தது அது. ஏன் போகிறாய் என்று கேட்டாள். இவன் காரணம் சொல்லாமல் கையை என்னவோ ஆட்டினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற வீடுகளில் சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டாலும் வெளியே நின்று கத்தலாம். அம்மா கண்ணை மூடிவிட்டால் தட்டுவதற்குக் கதவே கிடையாது. அரை மணி நேரம் எதிரில் நின்று பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

“அஞ்சு மாசம் ஆச்சுடா.”

“தெரியும்.”

“கண்ணுல ஏதோ பெருசா இருக்குமோன்னு பயமா இருக்கு.”

“லீவு கிடைக்காதுக்கா.” கொஞ்சம் நிறுத்தி, “என்ன சொன்னாங்கன்னு எனக்கு மெசேஜ் போடு” என்றான். வைத்துவிட்டான்.

•

பதினொன்றரை ஆயிற்று. பதினொன்று முப்பத்தைந்து ஆயிற்று. ஹெட்செட்டில் யாரோ ஒருவர் தன் பில்லைப் பற்றி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். மூத்தவள் மனதில் ஆஸ்பத்திரி அறை ஓடியது. டாக்டர் முகத்தில் மாஸ்க். அம்மா உதட்டைப் பார்த்துக்கூட ஊகிக்க முடியாது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புரியாதபோது அம்மா நிறையத் தலையாட்டுவாள். எதிராளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்.”

அப்பாவின் பெயரைத் திறந்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு சின்னச் சுற்றுச் சுற்றி, ‘வழங்கப்பட்டது’ என்றது.

பில்காரரை அவசரமாக முடித்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்து சீட்டுக்காரி நிமிர்ந்தாள். “ஏய், எங்க போற? இப்ப பிரேக் இல்லையே. கடிகாரம் பார்த்தா செத்த.”

கடிகாரம் என்பது டீம் லீடர். பாத்ரூமுக்குப் போனால்கூட நிமிஷம் எண்ணுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

“அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மாடிப்படியில், ஜன்னல் வெளிச்சம் கையில் விழும்படி நின்றுகொண்டு கூப்பிட்டாள். அம்மா உடனே எடுத்தாள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. அம்மாவின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. பின்னால் எழுத்துப் பலகை, கண் பரிசோதிக்கும் இயந்திரம், வெள்ளைக் கோட்டு.

“டாக்டர், நான் இவங்க பொண்ணு. நீங்க பேசுங்க. நான் அவங்களுக்குச் சொல்றேன்.”

“அப்பாடா” என்றார் டாக்டர். “நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறாங்க. புரியுதா இல்லையான்னே எனக்குப் புரியலை. சரி, கேளுங்க. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கு. இடது கண்ல போன பார்வை போனதுதான். அது திரும்ப வராது. வலது கண்ல ஓரப் பார்வை குறைஞ்சுகிட்டு வருது. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணினா, இருக்கறதைக் காப்பாத்தலாம். தள்ளிப் போட்டா அதுவும் போகும்.”

மூத்தவள் கையைத் தூக்கினாள். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. சின்ன ஆபரேஷன், பயப்படாதே. இந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை ஆட்டிச் சொன்னாள்: ‘உன் முகம் முதல்லயே சொல்லிடுச்சு. இப்ப கையால சொல்லு. அவர் சொன்னது பூரா.’

சொன்னாள். இடது கண் போனது. வலது கண் போய்க்கொண்டிருப்பது. இந்த வாரம். ஒன்றையும் விடவில்லை.

அம்மா சிறிது நேரம் மடியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“என்ன கேட்கறாங்க?” என்றார் டாக்டர்.

அம்மா கையால் கேட்டதை மூத்தவள் வாயால் சொன்னாள். “ரெண்டும் போயிட்டா நான் எப்படிப் பேசறதுன்னு கேட்கறாங்க டாக்டர்.”

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னார். “போக விட மாட்டோம். வியாழக்கிழமை. வந்துடுங்க.” அம்மாவுக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ, இந்தத் தடவை தலையாட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கூட ஒருத்தர் வேணும்மா” என்று டாக்டர் போனைப் பார்த்துச் சொன்னார். “கையெழுத்துப் போடணும். ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணைக் கட்டி வச்சிருப்போம். அப்ப இந்த போன் உதவாது. பக்கத்துல ஆள் இருக்கணும். யார் இருக்கா?”

மூத்தவள், “பார்க்கறேன் டாக்டர்” என்றாள்.

போனை வெட்டியபின் தம்பிக்கு எழுதினாள். ‘இடது கண் போச்சு. வலதுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். கண்ணைக் கட்டுவாங்க. கூட ஒருத்தர் வேணும்.’ படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை.

•

அவள் திரும்பி வந்தபோது கடிகாரம் அவள் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “பதினாலு நிமிஷம்” என்றார். போய்விட்டார்.

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஆள் ஒரு ஓட்டலில் சமையல்காரர். அவர் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“என் சம்சாரத்துக்குப் பக்கவாதம் மேடம். பேச்சு போயிடுச்சு. தினம் மத்தியானம் சமையல் முடிஞ்சதும் வீடியோ போடுவேன். நான் பேசுவேன், அவ சும்மா பார்ப்பா. நான் ஜோக் அடிச்சா கண்ணு சிரிக்கும். இன்னிக்கு வரலை. பேக் போட்டேன், காசு எடுத்துக்கிச்சு, இன்னும் ஏறலை. ஆறு மணி நேரம் ஆகும்கறாங்க. வெறும் குரல்ல சொன்னா அவளுக்குப் புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியாது மேடம். இன்னிக்கு ஏன் வரலைன்னு யோசிச்சுக்கிட்டே கிடப்பா.”

எழுதிக் கொடுத்த வரி வாயருகே வந்துவிட்டது. சாதாரண குரல் அழைப்பு உங்களுக்கு முற்றிலும்...

விழுங்கினாள்.

“ஒரு நிமிஷம் சார்.” பச்சைப் பொத்தான். “இப்ப போட்டுப் பாருங்க.”

என் அம்மாவுக்குச் செய்துகொண்டதை இந்த ஆளுக்குச் செய்யாமல் எப்படி இருப்பது? அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்கப்புறம் நினைக்கவே நேரம் இல்லை. அடுத்தது ஒரு நர்ஸ். பிறந்து இருபது நாள் ஆன பேரனை இன்னும் நேரில் பார்க்காதவள். அடுத்தது கப்பலில் வேலை செய்யும் மகனுக்குக் காத்திருக்கும் ஒருவர்; மகனுக்குக் கரையில் சிக்னல் கிடைப்பதே இரண்டு மணி நேரமாம். எல்லோருக்கும் அவள் திறந்துவிடவில்லை. ஆன்லைன் விளையாட்டுக்காகக் கேட்டு அதட்டிய ஒருவரிடம் எழுதிக் கொடுத்ததை முழுசாகப் படித்துக் காட்டினாள். ஆனால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று அதற்கப்புறம் அந்த ஆளை நினைத்தும் வருத்தமாகத்தான் இருந்தது.

பக்கத்து சீட்டுக்காரி இரண்டு முறை இவள் திரையைப் பார்த்தாள். மூன்றாவது முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அவள் இவளோடு பேசவில்லை. சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ என்று பயந்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றரைக்குக் கடிகாரம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

“உட்காருங்க. மாசத்துக்கு ரெண்டு, மூணு சலுகை குடுப்பீங்க. இன்னிக்கு மட்டும் பதினேழு. மேல இருந்து எனக்குப் போன் வந்துடுச்சு.” ஒரு காகிதத்தை இவள் பக்கம் தள்ளினார். “பதினாறுக்கு நான் எதையாவது எழுதிச் சமாளிக்கலாம். முதல் நாள் குழப்பம், சர்வர் தகராறுன்னு. இந்த முதல் நம்பர் யாரு? இதுல புகாரே இல்லை. இதை அழுத்தின உடனே நீங்க எழுந்து போயிருக்கீங்க.”

காகிதத்தில் அப்பாவின் பெயர். ஆபீஸ் பதிவில் அவள் பெயரோடு அப்பா பெயர் சேர்ந்திருக்கவில்லை. யாரோ ஒரு கஸ்டமர் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும்.

“என் அம்மா சார். கணக்கு மட்டும் அப்பா பேர்ல இருக்கு. அப்பா இல்லை. அம்மாவுக்குக் காது கேட்காது. உறுதி பண்ற போனை அவங்களால கேட்க முடியாது.”

கடிகாரம் பேனாவை மேஜையில் வைத்தார்.

“இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”

“காலையிலேருந்து சொல்ல வேண்டாததை எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன் சார். இதையாவது சொல்லிக்கறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாளையிலேருந்து உங்க லாக்-இன் திறக்காது. விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம். எத்தனை நாள்னு எனக்கே தெரியாது.” கொஞ்சம் கழித்து, “அந்தக் குரல் உறுதி விஷயத்தை நான் எழுதி மேல அனுப்பறேன். அவங்களை மாதிரி எத்தனை பேரோ” என்றார்.

அவள் எழுந்து வந்தாள். மேஜை டிராயரில் இருந்த சீப்பு, தலைவலி மாத்திரை, ஒரு ஸ்வெட்டர் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தத் தளத்தில் நூற்றிருபது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

•

சாயங்காலம் ஆறு மணிக்குத் தன் அறையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். சலுகை நாளை முற்பகல் வரைக்கும் இருக்கும்.

அம்மா போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் காஜா எடுக்காத சட்டைகள் ஒரு குவியல். அம்மா அதில் கை வைக்கவில்லை என்று தெரிந்தது.

‘நான் நாளைக்குப் புறப்பட்டு வர்றேன். லீவு குடுத்துட்டாங்க’ என்றாள் மூத்தவள்.

‘அவ்வளவு சுலபமாவா?’

‘ஆமா.’

‘பொய் சொல்றப்ப உன் கை சின்னதாகிடும்’ என்றாள் அம்மா. ‘சின்ன வயசுலேருந்து அப்படித்தான்.’

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. போனின் இந்தப் பக்கம் இவள் அழ, அந்தப் பக்கம் அம்மா என்ன ஏது என்று கேட்காமல் காத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நீட்டி, திரையில் இவள் கன்னம் இருக்கும் இடத்தைத் துடைத்தாள். படம் ஒரு விநாடி இருட்டிப் பளிச்சென்று வந்தது.

அப்போது அம்மா தலையைத் திருப்பினாள். அந்த வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் சத்தம் வராது. கூடத்தில் ஒரு சிவப்பு பல்பு எரியும். அதன் வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் விட்டு விட்டு விழுந்தது. ‘யாரோ. இரு’ என்றுவிட்டு எழுந்து போனாள்.

இப்போது திரையில் காலி நாற்காலி மட்டும்தான். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. பேச்சுக் கேட்காத வீட்டில் இது சகஜம் என்றாலும் மூத்தவள் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அம்மா பின்பக்கமாக நடந்து படத்துக்குள் வந்தாள். எதிரில் சின்னவன். இளைத்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை.

சின்னவன் கையால் சொன்னான். வேகமாக, குழந்தை ஒப்பிப்பது மாதிரி. ‘வியாழக்கிழமை நான் வர்றேன். கையெழுத்து நான் போடறேன். கண்ணைக் கட்டினதும் உன் உள்ளங்கையில எழுதிக் காட்டறேன். நீ பயப்படாதே.’

அம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச முடியாது. அவன் பேச விரும்பவில்லை போலத்தான் நின்றான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில், வாயால் பேச ஆரம்பித்தான். மெஷின் மேல் ஒரு போன் இருப்பதை அவன் பார்க்கவில்லை.

“எனக்கும் இதேதாம்மா” என்றான். “ஆறு மாசம் ஆச்சு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தா பிள்ளைக்கும் வருமாம். வீட்ல யாருக்கு இருக்குன்னு டாக்டர் கேட்டாரு. யாருக்கும் இல்லைன்னு சொன்னேன். குடோன்ல வண்டி ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. நான் சுவரைத் தடவி நடக்கறதை நீ பார்த்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவ. அதுக்காகத்தான்மா போனேன். வேற ஒண்ணும் இல்லைம்மா.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் ஒரு சத்தம் வந்துவிட்டது.

சின்னவன் நிமிர்ந்தான். குரல் வந்த திசையைத் தேடி, கொஞ்சம் தவறான பக்கம் பார்த்து, பிறகு திரையைக் கண்டுபிடித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. வேண்டாம் என்று அவளைப் பார்த்துத் தலையை மட்டும் மெல்ல அசைத்தான்.

அம்மா அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அவன் கையை விட்டாள். மெஷின் அருகே வந்து, முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து, நல்ல கண்ணால் மகளைப் பார்த்தாள்.

‘இவ்வளவு நேரம் அவன் உதடு அசைஞ்சுது’ என்றாள். ‘என்ன சொன்னான்?’

அம்மா பதிலுக்காகக் காத்திருந்தாள்.